அமெரிக்காவின் அயோவாவில் வில் வேட்டை: டிகாயை (மானை ஈர்க்க வைக்கும் மான் பொம்மையை) எந்தப் பக்கம் திருப்பி வைப்பது?

கேள்வி: நவம்பர் தொடக்கம், வெள்ளைவால் மான்களின் இணைசேரும் பருவம். அறுவடை முடிந்த சோள வயலோரம் மரத்தில் உட்காருகிறேன். ஆண் மான் பொம்மை வைத்தால், வருகிற மான் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பொம்மை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் முக்கியம். ஆண் மான் சண்டைக்கு வரும்போது பெரும்பாலும் எதிராளியின் முகத்துக்கு நேராக வரும், அதனால் பொம்மையின் முகம் உங்கள் மரத்தைப் பார்க்கட்டும், அப்போது வருகிற மான் உங்களுக்கும் பொம்மைக்கும் நடுவே வந்து விலாவைக் காட்டும். பெண் மான் பொம்மை என்றால் பின்பக்கமாக வரும், அதை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். மரத்திலிருந்து 20 கஜம் போதும், காற்று பொம்மையிலிருந்து உங்களை நோக்கி வர வேண்டும். அப்புறம், கொம்பு பெரிதாக இருந்தால் இளம் மான்கள் மிரளும், ஒரு பக்கக் கொம்பைக் கழற்றிப் பாருங்கள்.

பதில்: மேலே சொன்னது சரி. ஆனால் வெறுங்கையால் தொடாதீர்கள், ரப்பர் கையுறை போட்டே பொருத்துங்கள். மனித வாடை ஒட்டினால் எவ்வளவு நல்ல பொம்மையும் வீண்தான்.

பதில்: பொம்மையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அதன்மேல் ஆரஞ்சுத் துணியைச் சுற்றிவிடுங்கள் நண்பரே. துப்பாக்கி சீசனில் பொம்மையே வேண்டாம், தூரத்தில் இருப்பவருக்கு அது நிஜ மான்தான்.

கேள்வி கேட்டவர்: நன்றி. பொம்மை இத்தனை நாளும் காட்டைப் பார்த்துத்தான் நின்றது, சனிக்கிழமை திருப்பி வைக்கிறேன்.