நம்மூர் மழைப்படம் தானாக வெளிவருவது பற்றி

வெளிநாடுகளில் இருக்கும் நம்மூர் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

மேலத்தெருப் பெரியப்பா வீட்டு மாடியில் இருக்கும் வானிலைக் கருவியின் கணக்கைத் தினமும் படமாக்கி, தானாகவே வெளியிட முடியுமா என்று துபாய்த் தம்பி கேட்டிருந்தார். முடியும். கருவி தரும் எண்களை வீவெக்ஸ் என்ற இலவச மென்பொருள் 'ராஸ்பெரி பை' என்ற கையடக்கக் கணினியில் சேர்த்து வைக்கும். பைத்தான் என்ற நிரல்மொழியில் சின்ன நிரல் எழுதினால் படம் தயார், டெலிகிராமில் தானாகச் செய்தி அனுப்பும் 'பாட்' அதை அனுப்பிவிடும். ஃபேஸ்புக்கில் நம் குழுவுக்குள் தானாகப் போட இப்போது வழியில்லை; ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் 2024இல் அந்தக் கதவை மூடிவிட்டது. தனியாக ஒரு பக்கம் தொடங்கினால் அதில் போடலாம். வாட்ஸ்அப்பில் யாராவது ஒருமுறை தள்ளிவிட்டால் போதும், அப்புறம் அது பாட்டுக்கு ஊர் சுற்றும்.

அப்படிச் சுற்றுவதில்தான் எனக்குக் கவலை. படத்தோடு நாம் எழுதும் வரி கூடப் போகாது, படம் மட்டும்தான் போகும். அதனால் தேதி, ஆண்டு, நேரம் எல்லாம் படத்துக்குள்ளேயே பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஐப்பசியில் இந்த ஐப்பசிப் படம் வந்து நிற்கும்.

மழைக் கணக்கை நள்ளிரவில் முடிக்க வேண்டாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையான மழையைத்தான் ஒரு நாள் மழை என்று சொல்கிறது. நாமும் அதையே வைத்துக்கொண்டால் பேப்பரில் வரும் கணக்கோடு ஒப்பிடலாம். அந்த நேரம் சிங்கப்பூரில் காலை 11, துபாயில் காலை 7. டொராண்டோக்காரர்களுக்கு முந்தின நாள் இரவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். மழைமானியின் புனலுக்கு அடியில் இரட்டைக் கரண்டி ஒன்று சீசாப் பலகை மாதிரி ஆடும். பல கருவிகளில் 0.2 மி.மீ. சேர்ந்ததும் ஒரு பக்கம் கவிழும், அந்தக் கவிழ்தலைத்தான் கருவி எண்ணுகிறது. வேப்பிலையோ காக்கை எச்சமோ புனலை அடைத்தால், வெளியே கொட்டும்போது படம் 0 என்று காட்டும். தேங்கிய தண்ணீர் மறுநாள் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது, சுள்ளென்ற வெயிலில் மழை பெய்வதாகச் சொல்லும்.

மின்சாரம் போனால் இன்னும் மோசம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படியொரு இரவில் ராஸ்பெரி பையோ இணையமோ நின்றுபோய், கடைசியாக வந்த எண்ணையே நிரல் மணிக்கு மணி போட்டுக்கொண்டிருந்தால், ஊரில் கூரை பறக்கும்போது நாம் இங்கே 'காற்று லேசாகத்தான் இருக்கிறது' என்று படுத்துவிடுவோம். ஆகவே அரை மணிக்கு மேல் தகவல் வராவிட்டால் படத்தில் எந்த எண்ணும் இருக்கக் கூடாது. 'தகவல் இல்லை, கடைசியாக வந்த நேரம் இது' என்று மட்டும் வரட்டும். இதற்கு ஒத்துக்கொண்டால்தான் நிரலை எழுதுவேன்.

காற்று வேகத்தை அடியோடு விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். காற்றுமானி திறந்த வெளியில் பத்து மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். நம்முடையது கைப்பிடிச் சுவருக்கும் தென்னைக்கும் நடுவில் ஒதுங்கி நிற்கிறது. சிவப்பு, ஆரஞ்சு நிறங்களும் வேண்டாம். பார்த்ததும் 'ரெட் அலர்ட்' என்று கிளப்பிவிட ஆள் இருக்கிறது. நீலம் போதும்.

தமிழ் எழுத்து பற்றி ஒரு வார்த்தை: படம் வரையும் பில்லோ என்ற பைத்தான் நூலகத்தை, எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ராக்ம் என்ற துணை மென்பொருள் இல்லாமல் ஓட்டினால் 'கொ'வில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். எழுத்து சரியாக வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டுக்குள் இருக்கும் வெப்பநிலையையும் கருவி பதிவுசெய்கிறது. அதை வெளியே விட வேண்டாம். என்றைக்காவது வீடு பூட்டிக் கிடந்தால், அதை ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

புரட்டாசிக்குள் எல்லாம் தயாராகிவிடும். புனலைத் துடைக்கத்தான் ஆள் வேண்டும். பெரியப்பாவுக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாது. பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். அவனுக்குச் சங்கக் கணக்கிலிருந்து மாதம் ஏதாவது கொடுப்பதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?