காபி சக்கையும் பழைய காபித்தூளும்: குடிக்காமல் வேறு எதற்கு உதவும்?

புதினா_பாத்தி கேட்டது:

வணக்கம். வீட்டில் மூன்று வகை சேர்ந்திருக்கிறது. ஒன்று, தினமும் ஃபில்டரில் மிஞ்சும் சக்கை; 80:20 சிக்கரி கலவை. இரண்டு, பிரித்து நாளாகி வாசனை போய்விட்ட அரை கிலோ தூள். அதுவும் அதே கலவைதான். மூன்று, ஈரக்காற்று பட்டுக் கட்டி தட்டிப்போன இன்ஸ்டன்ட் பாட்டில். இதில் சிக்கரி இல்லை.

தேடிப் பார்த்தால் ரோஜாவுக்குப் போடு, ஃப்ரிட்ஜில் வை, சிங்க்கில் கொட்டினால் குழாய் சுத்தமாகும், கறியில் தடவு, மருதாணியில் கலக்கு என்று சர்வரோக நிவாரணி மாதிரி சொல்கிறார்கள். எது உண்மையில் வேலைக்கு ஆகும், எவ்வளவு போட வேண்டும், எங்கே சொதப்பும்? தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பித்தளை_ஃபில்டர் பதில்:

முதலில் சிங்க் விஷயத்தை முடித்துவிடுவோம். கொட்டவே கொட்டாதீர்கள். காபி சக்கை தண்ணீரில் கரையாது. சிங்க்குக்குக் கீழே வளைவுக் குழாயில் ஏற்கெனவே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சக்கை அதில் போய் ஒட்டி, களிமண் மாதிரி இறுகிவிடும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினாலும் எண்ணெய் இளகிக் கொஞ்ச தூரம் போய் மறுபடி உறையுமே தவிர, சக்கை அங்கேயே கிடக்கும். ஃபில்டரைக் கழுவுவதற்கு முன் மேல் பாத்திரத்தைப் பழைய பேப்பரில் கவிழ்த்துத் தட்டுங்கள். ஒட்டியிருக்கும் மிச்சம் போனால் பரவாயில்லை.

அடுத்து, உங்களிடம் இருக்கும் மூன்றும் மூன்று வேறு பொருள்கள். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் குறிப்புகள் பலிப்பதில்லை. சக்கையில் நிறம், சுவை, புளிப்பு எல்லாம் டிகாஷனோடு இறங்கிவிட்டது; மிச்சம் இருப்பது சொரசொரப்பும் நாரும் கொஞ்சம் எண்ணெயும்தான். தேய்க்கவும் மண்ணுக்கும் அது போதும். சமையலுக்கும் சாயத்துக்கும் ஆகாது. இன்னொன்று சிக்கரி. வறுத்த சிக்கரியில் தண்ணீரில் கரையும் சர்க்கரைச் சத்து அதிகம். டிகாஷன் கெட்டியாகக் கறுத்து இறங்குவது அதனால்தான். காய்ந்த இடத்தில் பிசுபிசுப்பதும் அதனால்தான். பாக்கெட்டில் சதவீதம் அச்சிட்டிருப்பார்கள், சட்டப்படி காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 80:20 என்றால் பல வேலைக்குத் தோது. 60:40 தூளை மர சாமான், துணி பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

ஃப்ரிட்ஜுக்கு அந்தப் பழைய தூளையே வையுங்கள். அகலமான கிண்ணத்தில் 50 கிராம், மூடாமல், நடுத்தட்டில். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். சக்கைதான் வேண்டும் என்றால் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும்வரை வெயிலில் காய வைத்த பிறகே உள்ளே போக வேண்டும். ஈரத்தோடு வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளைப் பூஞ்சை பூத்து, வாடையைப் போக்க வைத்ததே வாடை அடிக்கும். வெண்ணெய், பால், அரைத்த மாவு மூன்றையும் மூடி வையுங்கள், காபி வாசனையை அவை இழுத்துக்கொள்ளும். அழுகிய கொத்தமல்லிக் கட்டு அடியில் கிடந்தால் எதை வைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

தேய்க்க: இரும்புக் கல், வார்ப்புச் சட்டி, மீன் வறுத்த இரும்பு வாணலி இவற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி சக்கை, கொஞ்சம் தண்ணீர், தேங்காய் நார். உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். மீன், பூண்டு நறுக்கிய கைக்கு ஒரு தேக்கரண்டி, அரை நிமிஷம் தேய்த்தால் போதும். நான்ஸ்டிக்கில் கூடாது, பூச்சு கீறும். வெள்ளை மார்பிள், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் வெள்ளை சிமென்ட், மூங்கில் பலகை மூன்றிலும் கறை இறங்கிவிடும். அப்புறம் எடுக்க முடியாது.

மரத்தில் வெள்ளைக் கீறல் தெரிந்தால் இன்ஸ்டன்ட் தூள் ஒரு தேக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு தேக்கரண்டி குழைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் கீறலுக்குள் மட்டும் தடவி, பத்து நிமிஷத்தில் துடையுங்கள். கருங்காலி, ஈட்டி, பழைய தேக்கு மாதிரி கருத்த மரத்துக்கு மட்டும். நிறத்தைத்தான் மறைக்கும், பள்ளத்தை நிரப்பாது. வார்னிஷ் உரியாத கீறலில் நிறம் பிடிக்கவே பிடிக்காது.

---

தொட்டிமண் பதில்:

தோட்டப் பக்கம் நான் சொல்கிறேன். "காபி சக்கை அமிலம், மண்ணின் காரத்தைக் குறைக்கும்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அமிலம் டிகாஷனில் போய்விடுகிறது. சக்கையின் கார அமில நிலை பெரும்பாலும் 6.5க்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட நடுநிலை. போர் தண்ணீர் ஊற்றி உப்புப் பூத்த தொட்டியை இது சரிசெய்யாது.

நைட்ரஜன் சுமார் 2 சதவீதம் இருக்கிறது, ஆனால் செடி உடனே எடுத்துக்கொள்கிற வடிவில் இல்லை. நேராகத் தொட்டியில் கொட்டினால் இரண்டு கெடுதல். ஒன்று, துகள் நுண்ணியது என்பதால் காய்ந்ததும் மேலே அப்பளம் மாதிரி ஏடு கட்டி, ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும். இரண்டு, சக்கையை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் முதலில் மண்ணில் இருக்கிற நைட்ரஜனைத் தின்னும். ரோஜா இலை வெளிறி மஞ்சளாகும். அதைப் பார்த்து "சத்துக் குறைவு, இன்னும் சக்கை போடு" என்று போடுபவர்கள் அதிகம்.

ஆகவே மட்க வைத்துப் போடுங்கள். கொள்ளளவில் ஒரு பங்கு சக்கைக்கு நாலு பங்கு மற்றவை: பாதி காய்கறித் தோல், பாதி காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு. மொத்தத்தில் சக்கை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கையால் பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. ஒழுகினால் கிழித்த அட்டைப்பெட்டி சேருங்கள். வாரம் ஒருமுறை புரட்டி விட்டால் நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் தயார். பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி.

விதைத் தட்டில் போடவே போடாதீர்கள், சக்கையில் மிஞ்சிய காஃபீனும் மற்ற சத்துகளும் முளைப்பைத் தடுக்கும். கீரைப் பாத்திக்கும் இதே எச்சரிக்கை.

நத்தை ஓடும் என்பது பாதி உண்மை. ஹவாயில் செய்து 2002-இல் வெளியான ஆய்வில் நத்தைகளைக் கொன்றது 1 முதல் 2 சதவீத காஃபீன் கரைசல். நம் டிகாஷனில் அந்த அளவு கிடையாது, டிகாஷன் இறக்கிய சக்கையில் இன்னும் குறைவு. ராத்திரி டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குவதே மேல்.

ஒன்று முக்கியம். வீட்டில் நாய் இருந்தால் சக்கையையும் பழைய தூளையும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். காஃபீன் நாய்க்கு விஷம்.

---

கருப்பட்டிப்பாகு பதில்:

சமையலுக்குச் சக்கை வேண்டாம் என்று பித்தளை ஃபில்டர் சார் சொன்னது சரி, பல்லில் மணலாகக் கடிபடும். உங்கள் பழைய தூளும் சமையலுக்கு இரண்டாம்தரம்தான். முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் சாயத்துக்கு அனுப்பிவிடுங்கள். கட்டி தட்டிய இன்ஸ்டன்ட்டில் பூஞ்சை இல்லையென்றால் நசுக்கிச் சேர்க்கலாம், ருசி குறையுமே தவிர கெடுதல் இல்லை.

சாக்லேட் கேக்: இதில் காபியின் வேலை காபி ருசி கொடுப்பதல்ல, கோகோவின் கசப்பைத் தூக்கிக் காட்டுவது. 25 கிராம் கோகோவை, முதல் டிகாஷன் 30 மில்லியும் கொதிநீர் 70 மில்லியும் கலந்து ஊற்றிக் குழையுங்கள். சூடாகக் குழைத்தால்தான் கோகோ கட்டி உடைந்து மணம் வெளிவரும். ஆறிய பிறகே முட்டை. சூட்டோடு ஊற்றினால் முட்டை திரிந்து, கேக்கில் வெள்ளைத் துணுக்காக நிற்கும்.

கருப்பட்டி காபிப் பாகு: உடைத்த கருப்பட்டி 100 கிராம், தண்ணீர் 50 மில்லி. கரைந்ததும் மண்ணை வடிகட்டி, கம்பிப் பதத்துக்குச் சற்று முன்பு இறக்கி, கெட்டி டிகாஷன் 40 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. டிகாஷனை அடுப்பில் வைத்தே ஊற்றிக் கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்க் கசப்புத்தான் மிஞ்சும். ஐஸ்கிரீம், வாழைப்பழ அப்பம், ஆப்பம் எதன்மேலும் ஊற்றலாம். பாலில் கலக்குவதானால் இரண்டும் ஆறியிருக்க வேண்டும், சூட்டில் கலந்தால் பால் திரியும்.

கடல்பாசியில் காபி ஜெல்லி ஜப்பானில் சாதாரணமாகக் கிடைப்பது, நமக்கும் சுலபம். தண்ணீர் 400 மில்லி, கடல்பாசிப் பொடி 4 கிராம், சர்க்கரை 50 கிராம். பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் தூவிக் கலக்கிவிட்டு அடுப்பில் வையுங்கள். கொதிநீரில் போட்டால் முடிச்சு முடிச்சாகும். இரண்டு நிமிஷம் முழுக் கொதி வந்தே ஆக வேண்டும், இல்லையேல் உறையாது. இறக்கிய பிறகு டிகாஷன் 100 மில்லி. ஃப்ரிட்ஜ் இல்லாமலேயே உறைந்துவிடும். மேலே கெட்டித் தேங்காய்ப்பால்.

கறிக்கு: காபி கறியை மிருதுவாக்கும் என்பதை நம்பாதீர்கள். அது வேகும்போது மேல்புறம் கறுத்து மொறுமொறுப்பாவதற்கும், மிளகுக்குப் பின்னால் ஒரு புகை வாசனைக்கும்தான். அரை கிலோ மட்டனுக்குப் புதிதாக அரைத்த, சிக்கரி இல்லாத தூள் ஒரு தேக்கரண்டி. சுக்கா வறுவலில் தண்ணீர் வற்றிய பிறகு மிளகோடு சேர்த்து, சிறு தீயில் இரண்டே நிமிஷம். சிக்கரி கலந்தது என்றால் அதன் சர்க்கரை முதலில் அடிபிடித்துக் கருகும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பன்றித்தொடை வறுத்த சட்டியிலேயே கறுப்புக் காபியை ஊற்றிச் சுரண்டிக் குழம்பாக்குவார்கள். அதே உத்தியில் சுக்கா சட்டியின் அடியைச் சுரண்ட இரண்டு மேசைக்கரண்டி டிகாஷன் போதும். கொண்டைக்கடலைக்கு நிறம் ஏற்றக் காபி வேண்டாம். அதற்கு வடக்கே தேயிலைதான் போடுவார்கள். காபி போட்டால் மசாலா முழுக்கக் கசக்கும்.

---

புதினா_பாத்தி:

எல்லோருக்கும் நன்றி. பழைய தூள் சாயத்துக்கு என்றால் எப்படி? பருத்தித் துப்பட்டா ஒன்று இருக்கிறது. மருதாணி பற்றியும் யாராவது?

---

கோராத்துணி பதில்:

துப்பட்டாவை உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். கீழே சொல்வது 100 கிராம் துணிக்கு. பாலியெஸ்டர் கலந்திருந்தால் விட்டுவிடுங்கள், பிடிக்காது.

கஞ்சி போக வேண்டும்: 2 லிட்டர் தண்ணீரில் சலவை சோடா ஒரு தேக்கரண்டி, அரை மணி கொதி, பிறகு நன்றாக அலசல். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் திட்டுத்திட்டாகத்தான் வரும். பிறகு கடுக்காய்த்தூள் 15 கிராமை ஒரு லிட்டர் வெந்நீரில் கலக்கி, துணியை ராத்திரி முழுக்க ஊற வைத்து, அலசாமல் பிழிந்து நிழலில் காய வையுங்கள். அடுத்தது படிகாரம் 15 கிராம், வெதுநீரில் ஒரு மணி நேரம்.

சாயம்: பழைய தூள் 100 கிராம், 2 லிட்டர் தண்ணீர், அரை மணி கொதி. மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள், ஒரு துகள் ஒட்டினாலும் அந்த இடத்தில் புள்ளி விழும். எவர்சில்வர் பாத்திரத்தில்தான் செய்ய வேண்டும்; இரும்பும் அலுமினியமும் நிறத்தை மாற்றும். நனைத்த துணியை உள்ளே போட்டு, கொதிக்க விடாமல் ஆவி பறக்கும் சூட்டில் 45 நிமிஷம் கிளறிக்கொண்டே இருங்கள். அதிலேயே ஆற விட்டு மறுநாள் எடுங்கள். 80:20 தூள் என்றால் முதல் இரண்டு மூன்று அலசலில் பிசுக்கும் பழுப்பும் நிறையப் போகும், பயப்பட வேண்டாம்.

கிடைப்பது வெளிர் பழுப்பு. அதில் பாதி கடுக்காயின் வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காபி மட்டும் போட்டால் அது சாயம் அல்ல, கறை, சில துவைப்பில் மங்கிவிடும். சாம்பல் கலந்த அடர் பழுப்பு வேண்டுமானால் 2 லிட்டர் தண்ணீரில் அன்னபேதி (இரும்பு உப்பு) 2 கிராம் கரைத்து ஐந்து நிமிஷம் முக்குங்கள். ஆந்திராவின் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரித் துணி ஓவியத்தில் கடுக்காய் ஊறிய துணிமேல் இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசலால் வரைந்து கறுப்புக் கோடு எடுப்பதும் இதே தத்துவம்தான். அன்னபேதி கூடினால் நூல் இற்றுவிடும். இந்தப் பாத்திரம் இனி சமையலுக்கு வேண்டாம்.

மருதாணி: பொடியைக் குழைக்கத் தண்ணீருக்குப் பதில் வெதுவெதுப்பான இரண்டாம் டிகாஷன், 100 கிராம் பொடிக்குச் சுமார் 250 மில்லி. நரையில் பிடிப்பது மருதாணியின் சிவப்புதான். காபி நிறம் ஓரிரு தலைக்குளியலில் போய்விடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். கறுப்பாகும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம், அது அவுரியின் வேலை.

---

இருட்டறை பதில்:

அந்த இன்ஸ்டன்ட் பாட்டிலை எனக்குக் கொடுத்துவிடுங்கள்! கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவலாம். காபியில் உள்ள கேஃபிக் அமிலம் காரக் கரைசலில் டெவலப்பராக, அதாவது ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் பொருளாக, வேலை செய்யும். 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி வகுப்பில் பிறந்த முறை, பெயர் கேஃபினால்.

ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு ஒரு லிட்டர் அளவு: நீரற்ற சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம். ஒரு 35 மி.மீ. ரோல் கொள்ளும் 300 மில்லி டப்பாவுக்கு 16.2, 4.8, 12 கிராம். சோடாவை முதலில் கரைத்துத் தெளிய விடுங்கள், பிறகு வைட்டமின் சி, கடைசியில் காபி. ஐந்து நிமிஷம் நுரை அடங்கட்டும், நுரையோடு ஊற்றினால் படத்தில் வட்டம் வட்டமாக விழும். 20 டிகிரியில் 15 நிமிஷம். முதல் நிமிஷம் தொடர்ந்து புரட்டி, பிறகு நிமிஷத்துக்கு மூன்று முறை. டெவலப்பரை நிறுத்த ஊற்றும் அமில ஸ்டாப் பாத் வேண்டாம், சோடாவோடு சேர்ந்து வாயு பொங்கும். வெறும் தண்ணீரால் மூன்று நாலு முறை அலசி, படத்தை நிலைக்க வைக்கும் வழக்கமான ஃபிக்ஸர்.

நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 28, 30 டிகிரி இருக்கும். அப்படியே ஊற்றினால் ஃபிலிம் முழுக்கச் சாம்பல் மூட்டம் ஏறும். ஐஸ் போட்ட வாளியில் டப்பாவை நிறுத்திக் குளிர வையுங்கள். விலை குறைந்த, ரொபஸ்டா வகைக் கொட்டை மிகுந்த இன்ஸ்டன்ட்தான் இதற்கு நல்லது. கட்டி தட்டியதில் ஈரத்தின் எடையும் சேர்ந்திருக்கும், 12க்குப் பதில் 13 கிராம் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நாற்றம் குடலைப் பிடுங்கும்.

---

புதினா_பாத்தி:

அட! சலவை சோடாவுக்குப் பதில் சமையல் சோடா போட்டால் ஆகுமா? பழைய ஃபில்டர் தூளில் டிகாஷன் இறக்கி ஊற்றலாமா?

---

இருட்டறை:

சமையல் சோடாவுக்குக் காரம் போதாது, ஃபிலிம் கிட்டத்தட்ட வெறுமையாக வரும். அதைத் தட்டில் பரப்பி 200 டிகிரி அவனில் ஒரு மணி நேரம் வைத்தால் நீரும் வாயுவும் போய்ச் சலவை சோடாவாகும், எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். கடையில் கண்ணாடிக் கல் மாதிரிப் படிகமாகக் கிடைப்பது நீர் கலந்த சோடா, அது 2.7 மடங்கு போட வேண்டும். டிகாஷன் வேண்டாம், ஒவ்வொரு முறையும் செறிவு மாறும், நேரக் கணக்கு நிற்காது. அந்தத் தூள் துப்பட்டாவுக்கே போகட்டும்.