ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் எழுதியது ரீபூட்டில் காணாமல் போகிறது

கேள்வி:
உபுண்டு டெஸ்க்டாப். உள் நெட்வொர்க்கில் 192.168.1.10-இல் ஒரு டிஎன்எஸ் சர்வர் (பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்வது) ஓடுகிறது. எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும், ஈடிசி ஃபோல்டரில் உள்ள ரிசால்வ்.கான்ஃப்-இல் அதை முதல் வரியாகவும், பொது டிஎன்எஸ் சர்வரான 1.1.1.1-ஐ அடுத்த வரியாகவும் எழுதினேன். ரீபூட் செய்தால் இரண்டும் போய் 127.0.0.53 வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாட்ஆட்டர் கமாண்ட் போட்டு, யாரும் மாற்ற முடியாதபடி கோப்பைப் பூட்டிவிடலாமா?

பதில்:
பூட்டாதீர்கள். ஆறு மாதம் கழித்து விபிஎன் வேலை செய்யாதபோது, பூட்டியதே ஞாபகம் இருக்காது. முதலில் அந்தக் கோப்புக்கு எல்எஸ் -எல் கமாண்ட் போட்டுப் பாருங்கள். அது வெறும் சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைக் காட்டும் சுட்டி. அசல் கோப்பு ரன் ஃபோல்டருக்குள் இருக்கிறது. ரன் முழுக்க மெமரியில் இருப்பது, மெஷினை அணைத்தால் போய்விடும். மெஷின் தொடங்கும் ஒவ்வொரு முறையும், பெயர்த் தேடலைக் கவனிக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற சேவை அந்தக் கோப்பைப் புதிதாக எழுதும். 127.0.0.53 என்பதும் அந்தச் சேவைதான், உங்கள் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே அது யாரைக் கேட்கிறது என்று பார்க்க: ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ். சர்வர் முகவரியை நெட்வொர்க் செட்டிங்ஸில், அந்தக் கனெக்‌ஷனின் ஐபிவி4 பக்கத்தில் கொடுங்கள். டிஎன்எஸ்ஸுக்கு எதிரே உள்ள ஆட்டோமேட்டிக்கை அணைத்துவிட்டு, கனெக்‌ஷனை ஒருமுறை துண்டித்து இணையுங்கள்.

கேட்டவர்:
நன்றி, ரீபூட்டிலும் நிற்கிறது. இரண்டு முகவரியையும் கொடுத்திருக்கிறேன். ஆனால் உள் சர்வர்களின் பெயர்கள் சில நேரம் கிடைக்கின்றன, சில நேரம் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது.

பதில்:
1.1.1.1-ஐ எடுங்கள். முதல் சர்வருக்குப் பெயர் தெரியாவிட்டால் இரண்டாவதைக் கேட்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் சர்வர் பதிலே சொல்லாதபோதுதான் அடுத்ததிடம் போகும். 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான், அதோடு தேடல் முடிந்தது. ரிசால்வ்ட் ஒருமுறை 1.1.1.1-க்கு மாறிவிட்டால் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். முதல் சர்வர் மீண்டு வந்தாலும் தானாகத் திரும்பாது. உங்கள் உள் பெயர்களைப் பற்றி 1.1.1.1-க்கு என்ன தெரியும்? பட்டியலில் இருக்கும் எல்லா சர்வரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். வெளிப் பெயர்களுக்கு 1.1.1.1 வேண்டுமென்றால், 192.168.1.10-இலேயே அதை ஃபார்வர்டராக (தனக்குத் தெரியாத பெயர்களை அந்த சர்வர் கேட்கும் இடமாக) கொடுங்கள்.

இன்னொருவர்:
ஐபிவி6 பக்கத்தையும் பாருங்கள். ரவுட்டர் அந்த வழியாகவும் ஒரு டிஎன்எஸ் முகவரியைத் தரலாம், ஐபிவி4-இல் ஆட்டோமேட்டிக்கை அணைத்தது அதைத் தடுக்காது. அப்புறம் ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ் ஓட்டுங்கள். பழைய 'இல்லை' பதில்களும் கேஷில் (சேமித்து வைத்த பதில்களில்) கிடக்கும்.

கேட்டவர்:
ஐபிவி6-இல் ரவுட்டரின் முகவரி இருந்தது. அணைத்துவிட்டேன், 1.1.1.1-ஐ ஃபார்வர்டராக மாற்றிவிட்டேன். பெயர்கள் எல்லாம் கிடைக்கின்றன.