மோர்ட்கேஜில் (வீட்டுக் கடனில்) கூடுதலாக எடுத்துப் பின்தெருவில் கராஜ் வாங்கலாமா?

ஹரோ அக்கா:
வணக்கம். எங்களுடையது டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டியது), வாசலில் கார் விட இடமில்லை. கணவர் இரவு வேலை முடிந்து இரண்டு மணிக்கு வருவார். மூன்று தெரு தள்ளித்தான் இடம் கிடைக்கும். முழங்கால் வலியோடு அங்கிருந்து நடந்து வருவார். அவர் திரும்பும் வரை நான் ஜன்னலடியில் நிற்பேன். இப்போது பின்தெருவில் வரிசையாக உள்ள பழைய கராஜ்களில் ஒன்று 24,000 பவுணுக்கு வந்திருக்கிறது. கேட்ட இரண்டு இடத்திலும் தனிக் கராஜுக்குக் கடன் இல்லை என்றுவிட்டார்கள். வீடு 480,000 பெறும், மோர்ட்கேஜில் 140,000 மிச்சம். ஃபிக்ஸ் (வட்டி மாறாத காலம்) முடிய இன்னும் இரண்டு வருடம். வீட்டின் மேல் கூடுதலாகக் கடன் எடுக்கலாமா?

டூட்டிங் தம்பி:
அக்கா, நானும் அப்படித்தான் வாங்கினேன். இப்போதே வேறு வங்கிக்கு மாறினால் ஃபிக்ஸை முறித்ததற்குத் தண்டம் வரும். இருக்கிற வங்கியிடமே ‘ஃபர்தர் அட்வான்ஸ்’ கேளுங்கள். பழைய கடன் அப்படியே இருக்கும், புதியதற்குத் தனி வட்டி. வருமானத்தை மறுபடி பார்ப்பார்கள்.

ஆனால் 25 வருடத்துக்கு இழுக்க வேண்டாம். 5 வீதத்தில் மாதம் 140 பவுண்தான், கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 18,000 தாண்டும். ஏழு வருடமென்றால் மாதம் 339, வட்டி 4,500 அளவில் நிற்கும். கட்ட முடியாமல் போனால் ஆபத்து கராஜுக்கு இல்லை, வீட்டுக்கு. அதை அண்ணாவோடு இருந்து பேசுங்கள்.

அப்புறம், கூரையைப் பாருங்கள். நெளிநெளியான சாம்பல் நிறத் தகடு என்றால் அஸ்பெஸ்ரஸாக இருக்கலாம். என்னுடையது அதுதான். கழற்ற ஆள் பிடிக்கும் செலவை நான் விலையில் குறைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

குரோய்டன் வாசகர்:
லீஸா (குத்தகையா), ஃபிரீஹோல்டா (நிலமும் சொந்தமா)? லீஸ் என்றால் எத்தனை வருடம் மிச்சம், நிலவாடகை எவ்வளவு, முன்பாதையில் போய்வர உரிமை எழுத்தில் உண்டா என்று சொலிசிட்டரிடம் கேளுங்கள். ஏலத்தில் என்றால் அன்றே 10 வீதம் கட்ட வேண்டும், மிச்சத்துக்குப் பெரும்பாலும் 28 நாள்தான். வங்கிக் காசு அதற்குள் வராமல் போகலாம்.

ஹரோ அக்கா:
ஏலம் இல்லை, ஃபிரீஹோல்ட். இன்று அளவுநாடாவோடு போனேன். உள்ளே அகலம் 2.30 மீட்டர், எங்கள் பிரியஸ் 1.76. இடப்பக்கச் சுவரோடு ஒட்டி விட்டால் சாரதிப் பக்கம் அரை மீட்டர் கிடைக்கும். கணவர் காரை உள்ளே விட்டு, முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக இறங்கிப் பார்த்தார். இறங்க முடிந்தது. திங்கட்கிழமை வங்கிக்கு ஏழு வருடக் கணக்கோடு போகிறோம்.