ஏ.பி. கெமிஸ்ட்ரி கிரெடிட் வைத்துக்கொள்ளலாமா, திரும்பப் படிக்கணுமா? (டெக்சாஸ், ப்ரீ-மெட்)

கேள்வி: ஹூஸ்டன்வாசி

வணக்கம். மகள் ஆகஸ்டில் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நியூரோசயின்ஸ் சேர்கிறாள். மெடிக்கல் ஸ்கூல்தான் குறி. ஏ.பி.யில் (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு; 5 தான் உச்சம், நல்ல மதிப்பெண்ணுக்குக் கல்லூரிப் பாடம் முடித்ததாகவே கிரெடிட் தருவார்கள்) பயாலஜி 5, கெமிஸ்ட்ரி 4, கால்குலஸ் 5, ஃபிசிக்ஸ்-1இல் 4. பள்ளியில் படிக்கும்போதே டூயல் கிரெடிட்டில் (பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்தே செல்லும் கம்யூனிட்டி காலேஜ் பாடம்) இரண்டு இங்கிலீஷ் கோர்ஸ் முடித்துவிட்டாள். ஒன்றில் ஏ, ஒன்றில் பி. ஓரியன்டேஷன் அன்றே கிளாஸ் பதிவு செய்யச் சொல்கிறார்கள். எல்லா கிரெடிட்டையும் எடுத்துக்கொண்டு நேராக ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்குப் போகலாமா? முதல் செமஸ்டரில் எதெல்லாம் எடுக்க வேண்டும்?

பதில் 1: கரும்பலகை

முதலில் கெமிஸ்ட்ரி வரிசையைத் தாளில் எழுதிப் பாருங்கள். மற்ற பாடங்களை முன்னே பின்னே நகர்த்தலாம், இதை முடியாது. ஜெனரல் கெமிஸ்ட்ரி 1, 2, பிறகு ஆர்கானிக் 1, 2, அதன்பின் பயோகெமிஸ்ட்ரி. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது திறக்கும். மொத்தம் ஐந்து செமஸ்டர். முதல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கினால் மூன்றாம் ஆண்டு டிசம்பரில் பயோகெமிஸ்ட்ரி முடியும். அடுத்த மார்ச், ஏப்ரலில் எம்கேட் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு), மே மாதம் விண்ணப்பம். இடையில் ஆண்டு விடாமல் மெடிக்கல் ஸ்கூல் போக வேண்டுமென்றால் இந்தக் கணக்கில் ஒரு செமஸ்டர்கூட மிச்சம் கிடையாது. ஆர்கானிக் 1 வகுப்பில் இடம் கிடைக்காமல் ஒரு தடவை தள்ளிப்போனாலே, பயோகெமிஸ்ட்ரி படிக்காமல் எம்கேட் எழுத வேண்டிவரும். இல்லையென்றால் விண்ணப்பம் ஓராண்டு தள்ளும்.

அதனால் ஏ.பி. கிரெடிட்டுக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஆனால் கெமிஸ்ட்ரியில் 4 என்பதால் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். அசெட்டிக் அமிலத்தை சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு டைட்ரேட் செய்யும் கணக்கு ஒன்றைக் கொடுங்கள். பாதி வழியில் பிஎச் எவ்வளவு, சமநிலைப் புள்ளியில் (அமிலமும் காரமும் சரியாக ஈடாகும் இடம்) எவ்வளவு என்று புத்தகம் பார்க்காமல் சொல்லட்டும். பாதி வழியில் பிஎச்சும் பிகேஏவும் (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) ஒன்று என்பது உடனே வர வேண்டும். சமநிலைப் புள்ளியில் 7 என்று எழுதினால் அடித்தளம் போதவில்லை: அங்கே மிஞ்சுவது அசெட்டேட் அயனி, அது நீரோடு வினைபுரிவதால் பிஎச் 7-க்கு மேலே போகும். ஆர்கானிக்கில் எந்த வினை எந்தப் பக்கம் போகும் என்பதை பிகேஏ வைத்துத்தான் தினமும் தீர்மானிக்கிறார்கள். இது தடுமாறினால் ஜெனரல் கெமிஸ்ட்ரி 1-லிருந்தே படிப்பது நல்லது.

பதில் 2: அட்டவணை_ராணி

திரும்பப் படிக்கிறதா முடிவு பண்ணினால், ஓரியன்டேஷனில் அந்த ஏ.பி. கிரெடிட்டை க்ளெய்ம் பண்ண வேண்டாம். பல பல்கலைகளில் எதை க்ளெய்ம் பண்ணுவது என்பது மாணவர் கையில்தான் இருக்கு. ஒருமுறை டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி மதிப்பெண் பட்டியல்) ஏறிவிட்டால் எடுப்பது கஷ்டம். வைத்துக்கொள்கிற கிரெடிட்டுக்கு நேர்மாறு: கோர்ஸ் எண்ணும் கிரெடிட் மணியும் டிரான்ஸ்கிரிப்டில் தெளிவாக வர வேண்டும். அப்படி வந்தால்தான் டெக்சாஸ் மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பமான டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ்.-இல் செல்லும்.

வெளிமாநிலக் கல்லூரிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. பல இடங்களில் ஏ.பி. பயாலஜியை ஏற்றாலும் அதே துறையில் மேல்நிலை கோர்ஸ் கேட்பார்கள். ஜெனடிக்ஸ், செல் பயாலஜி இரண்டும் எடுத்துவிட்டால் கவலையில்லை. கல்லூரி வாரியாகப் பார்க்க, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏ.ஏ.எம்.சி.யின் எம்.எஸ்.ஏ.ஆர். தளத்துக்குச் சந்தா கட்டுங்க, தண்டமாகாது. ஃபிசிக்ஸ்-1 கிரெடிட் பாதிதான். இரண்டாவது ஃபிசிக்ஸ் கோர்ஸும் லேபும் பாக்கி. அல்ஜீப்ரா அடிப்படையிலான ஃபிசிக்ஸே எம்கேட்டுக்குப் போதும். கால்குலஸ் கிரெடிட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்க. அதைவிட ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முக்கியம், டெக்சாஸில் அதைக் கேட்கிறார்கள்.

டூயல் கிரெடிட் பி-யை மறக்காதீங்க. அது கல்லூரி மதிப்பெண், ஜி.பி.ஏ.வில் (மதிப்பெண்களின் சராசரி, 4.0 உச்சம்) நிரந்தரமாகச் சேரும். அந்தக் கம்யூனிட்டி காலேஜ் கோர்ஸ்களையும் விண்ணப்பத்தில் காட்டணும். பலர் விடுவது இதைத்தான். டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும் விண்ணப்பங்களில் அது வரும்வரை விண்ணப்பம் அப்படியே நிற்கும்.

ஹூஸ்டன்வாசி

நன்றி. டைட்ரேஷன் கணக்கு கொடுத்தேன், சமநிலைப் புள்ளியில் 7 என்றுதான் எழுதினாள். ஜெனரல் கெமிஸ்ட்ரி படிக்கட்டும். அதோடு ஜெனடிக்ஸும் முதல் செமஸ்டரிலேயே சேர்க்கலாமா?

பதில் 3: கரும்பலகை

வேண்டாம், ஜனவரிக்கு வையுங்கள். முதல் செமஸ்டருக்கு இது போதும்: ஜெனரல் கெமிஸ்ட்ரி 3 கிரெடிட் மணி, லேப் 1, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் 3, அறிமுக சைக்காலஜி 3, டெக்சாஸில் எப்படியும் படித்தே ஆக வேண்டிய அமெரிக்க வரலாறு 3. ஆக 13 மணி. முழுநேர மாணவர் என்பதற்கு 12 போதும். சைக்காலஜியைப் பொழுதுபோக்குப் பாடம் என்று நினைக்க வேண்டாம். எம்கேட்டின் 230 கேள்விகளில் 59 சைக்காலஜி, சோசியாலஜி பகுதியில் வருகின்றன.

நெரிசலில் வரும் ஒரு சி என்ன செய்யும் என்று பாருங்கள். சயின்ஸ் பாடங்கள் மொத்தம் 48 மணி, எல்லாமே ஏ என்றால் 4.0. அதில் ஒரே ஒரு 4 மணி கோர்ஸ் சி ஆனால் 3.83. மெடிக்கல் ஸ்கூலில் இடம் பெறுவோரின் சராசரி மொத்த ஜி.பி.ஏ. 3.8-ஐ ஒட்டி நிற்கிறது. திரும்ப எழுதினாலும் பழைய சி அழியாது, இரண்டையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். சி மைனஸ் என்றால் பல இடங்களில் அந்தப் பாடத்தை முடித்ததாகவே எடுக்க மாட்டார்கள்.

பதில் 4: நடைமேடை

குடியுரிமை பற்றி நீங்கள் எழுதவில்லை. மகள் எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கானது) இருந்தால், ஏற்கும் கல்லூரிகளை இப்போதே பட்டியல் போடுங்கள்: கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர் விண்ணப்பத்தைப் பல மெடிக்கல் ஸ்கூல்கள் எடுப்பதே இல்லை. 21 வயது முடிந்தால் எச்-4 போய்விடும், அதற்குள் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற்ற வேண்டும். மேலே சொன்ன எம்.எஸ்.ஏ.ஆர். தளத்திலேயே ஒவ்வொரு கல்லூரியும் வெளிநாட்டவரை ஏற்கிறதா என்று இருக்கும்.

லேப் விஷயம் ஒன்று. ஆர்கானிக் லேபுக்குப் பெரும்பாலும் தனி கோர்ஸ் எண். லெக்சருக்குப் பதிவு செய்தால் லேப் தானாக வராது. இரண்டு எண்களையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, பதிவு திறந்ததும் முதலில் லேப் இடத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். லெக்சர் ஹாலில் நூற்றுக்கணக்கானோர் உட்காரலாம், லேபில் ஒரு பிரிவுக்கு இருபது இருபத்தைந்து பேர்தான்.