யாருக்குச் சாவி கொடுப்பது? டெல்டா பக்கம் நாள் வாடகைக்கு வீடு விடுபவர்களின் அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து:

அத்தை காலமானதும் அவருடைய ஓட்டு வீடு ஆறு மாதம் பூட்டியே கிடந்தது. திண்ணை, ரேழி, முற்றம், கொல்லையில் கிணறு என்று பழைய காலத்து வீடு. ஆள் புழங்காத வீடு சீக்கிரம் பாழாகும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். சரி, கோயிலுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று போன வருஷம் ஏர்பிஎன்பி என்ற வாடகை வீட்டுச் செயலியில் போட்டேன். நாங்கள் இருப்பது இரண்டு தெரு தள்ளி.

முதல் விசாரணை ஏர்பிஎன்பி வழியாக வரவேயில்லை. கூகுள் மேப்பில் போட்டிருந்த என் எண்ணுக்கு நேராக ஃபோன். ராணுவ அதிகாரியாம். பன்னிரண்டு பேர், மூன்று நாள், வாடகை எவ்வளவானாலும் மொத்தமும் முன்பணம். எந்தக் கோயிலுக்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். "எல்லாக் கோயிலுக்கும்" என்றார். அடுத்த நிமிடமே வாட்ஸப்பில் சீருடைப் படம் போட்ட அடையாள அட்டை ஒன்றும் க்யூஆர் கோடு ஒன்றும் வந்தன. ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் என் கணக்கில் ஏறிவிடுமாம். நானும் போடத்தான் போனேன். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "பணம் வாங்கிக்கிறதுக்கு நீ எதுக்குடா ரகசிய நம்பர் போடணும்?" என்றார். யுபிஐயில் பின் போடுவது நம் கணக்கிலிருந்து பணம் போவதற்குத்தான், வருவதற்கு இல்லை. எனக்குத் தெரியாத விஷயமா? முதல் வாடகை வரப்போகிற சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை. யாருக்காவது பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

ஆனால் நான் நிஜமாகவே மாட்டிக்கொண்டது அதற்கப்புறம். இந்த முறை ஏர்பிஎன்பி வழியாகவே வந்த கோரிக்கை. நான்கு பேர், சனிக்கிழமை ஒரு ராத்திரி. கணக்கும் பழையது, படமும் இருந்தது. அவர் கேட்டவை மூன்றே கேள்விகள். ஓனர் அதே வீட்டில் இருப்பாரா? பக்கத்து வீட்டில் ஆள் உண்டா? வாசலில் கேமரா இருக்கிறதா? எனக்கு அது உறைக்கவில்லை. நல்ல மதிப்பீடு நாலு விழுந்தால் போதும் என்ற ஆசை. ராத்திரி பதினொன்றரைக்கு எதிர்வீட்டு மாமா கூப்பிட்டார்: "தம்பி, உன் வீட்டுல கல்யாணமா?" போய்ப் பார்த்தால் முற்றத்தில் பதினாறு பேர், ஸ்பீக்கர், மூலைக்கு மூலை பாட்டில். அத்தை அறுபது வருஷம் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய சிவப்புத் தரையில் சிகரெட்டை நசுக்கிய கறுப்பு வட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. அதன்மேல் பாயைப் போட்டு வைத்திருக்கிறேன். மறுநாள் தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்டேன்.

அதிலிருந்து கணக்கு பழையதா, படம் இருக்கிறதா என்பதைவிட, வருகிறவர் என்ன கேட்கிறார் என்பதைத்தான் பார்க்கிறேன். நவக்கிரகக் கோயில்கள் சுற்ற வருகிற குடும்பம் கேட்கிற கேள்விகளே வேறு. வெந்நீர் வருமா, முழங்கால் வலிக்காரருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, உழவன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை இறங்கினால் அப்போதே சாவி கிடைக்குமா, திருநள்ளாறு போய்விட்டு வர எத்தனை மணி ஆகும் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் வேறு சொல்வார்கள். பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவரிடமும், யார் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்கிறவரிடமும் இப்போது நான் அவசரப்படுவதில்லை. என் சம்மதம் கேட்காமலே பதிவாகிவிடுகிற 'உடனடி முன்பதிவு' வசதியையும் அணைத்துவிட்டேன். வருகிறவர்களிடம் ஆதார் கேட்கும்போது முதல் எட்டு இலக்கங்கள் மறைத்த பிரதியே போதும் என்று சொல்கிறேன். ஒழுங்கானவர்களுக்கு அதுவே ஒரு நிம்மதி.

திருக்கடையூர் பக்கத்திலிருந்து:

எங்கள் ஊரில் வம்பு இந்த மாதிரி வராது. இங்கே வருகிறவர்கள் அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வருகிறவர்கள். தங்கமான மனிதர்கள். எட்டுப் பேர் என்று பதிவு செய்வார்கள், வேனிலிருந்து இருபத்து மூன்று பேர் இறங்குவார்கள். "பேரப்பிள்ளைங்கதானே, ஓரமாப் படுத்துக்குவாங்க." சஷ்டியப்த பூர்த்திக்கு வந்து நிற்கிற பெரியவரை வாசலில் நிறுத்தி எப்படித் தலை எண்ணுவது? இரண்டாம் நாள் காலை மேல்தொட்டி காலி, செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரிக்குக் கொடுத்த பணத்தில் என் வாடகை போயே போய்விட்டது. இப்போதெல்லாம் விசேஷமா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். விசேஷம் என்றால் பத்துப் பேருக்கு மேல் வீடு தாங்காது என்று எழுத்தில் அனுப்பி, மற்றவர்களுக்குப் பக்கத்து லாட்ஜில் நானே அறை பேசிக் கொடுக்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

தஞ்சாவூரிலிருந்து:

நான் சொல்வது தப்பாக மறுத்த கதை. உள்ளூர்க்காரர் ஒரு ராத்திரிக்கு வீடு கேட்டால் கொடுக்காதே என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். பாபநாசம் பக்கத்துப் பெண் ஒருத்தி இரண்டு பேருக்குக் கேட்டாள். புதுக் கணக்கு, படம் இல்லை. காரணம்கூடக் கேட்காமல் மறுத்துவிட்டேன். அப்புறம்தான் அவள் எழுதியிருந்தாள்: "என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து பத்து நாள் லீவில் வருகிறார். எங்கள் வீட்டில் பதினோரு பேர். மறுநாள் திருக்கருகாவூர் கோயிலுக்குப் போய் பிள்ளை வரத்துக்கு நெய் வாங்கணும். பரவாயில்லைங்க அண்ணா." நான் திரும்ப எழுதுவதற்குள் வேறு இடம் பார்த்துவிட்டார்களாம். எதற்கு வீடு என்று முதலிலேயே கேட்டிருக்கலாம்.

மறுபடி கும்பகோணத்திலிருந்து:

தஞ்சாவூர்க்காரர் எழுதியதைப் படித்த கையோடு எனக்கும் ஒரு கோரிக்கை. புதுக் கணக்கு, படம் இல்லை, நான்கு பேர், இரண்டு ராத்திரி. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இருக்கா? அப்பாவுக்கு ராட்டினத்தில் சேந்திக் குளிக்கணுமாம்." ஏற்றுக்கொண்டுவிட்டேன். சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கணும், பழையது நைந்துபோயிருக்கிறது.