திருநெல்வேலியில் ஒரு நாள்: கதை கேட்கும் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம்?

கோவைவாசி:
வணக்கம். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பாளையங்கோட்டை வருகிறோம். மறுநாள் முழுக்க எங்கள் கையில். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. முட்டுவலியோடு அப்பாவும் வருகிறார். குளியல், அருவி எல்லாம் வேண்டாம். கதை என்றால் இரண்டு பேரும் சோற்றை மறந்துவிடுவார்கள். கார் இருக்கிறது. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் போக ஆசை. முடியுமா?

டவுன்காரி:
தம்பி, காலையிலேயே நெல்லையப்பர் கோயிலுக்கு வந்துவிடுங்கள். ரத வீதியில் வளர்ந்தவள் நான். என் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளை வீட்டில் சொல்லாமல் கோயிலுக்குள் நின்றுதான் சொல்வேன்.

முதலில் ராமக்கோன். அரண்மனைக்குப் பால் சுமந்து போகும் இடையர். மூங்கில் காட்டு வழியில் ஒரே இடத்தில் தினமும் கால் இடறி, பால் கொட்டிவிடும். பொறுக்க முடியாமல் ஒருநாள் கோடரியால் அந்த மூங்கில் தூரை வெட்ட, ரத்தம் பீறிட்டது. உள்ளே லிங்கம். இந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், சின்னவன் தானே கேள்வி கேட்பான். அப்புறம் வேதபட்டர். சாமிக்கு அமுது படைக்கக் காயப்போட்ட நெல்லை விட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போகிறார். கொட்டுகிறது மழை. அலறியடித்து ஓடி வந்தால் சுற்றிலும் வெள்ளம், நெல் மட்டும் நனையவில்லை.

மணி மண்டபத்தில் பெரிய தூணைச் சுற்றிச் சிறு தூண்கள், எல்லாம் ஒரே கல்லில். தட்டினால் சுரம் எழும். ஆனால் பிள்ளைகளைத் தட்ட விடாதீர்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் தட்டினால் அது எத்தனை காலம் தாங்கும்? பிரகாரம் நீளம். அப்பாவைச் சங்கிலி மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் சுற்றி வாருங்கள். சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் சேர்க்கிற மண்டபம், 1647இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியது. இன்னொன்று: காந்திமதி யானை 2025 ஜனவரியில் இறந்துவிட்டாள். பிள்ளைகள் யானையைத் தேடினால் சொல்லிவிடுங்கள். எங்களுக்கே இன்னும் ஆறவில்லை.

தாமிரபரணிக்கரையான்:
அக்கா சொன்னதை முடித்துக்கொண்டு திருச்செந்தூர் ரோட்டைப் பிடியுங்கள். கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில், நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன் சிலை முன்னால் நில்லுங்கள். விலா எலும்பும் நரம்பும் கல்லில் தெரியும். மத்தியானம் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். அதே ரோட்டில் இன்னும் போனால் ஆதிச்சநல்லூர். 2023இல் திறந்த காட்சிக்கூடத்தில் தரையே கண்ணாடி. கீழே தோண்டிய குழியில், பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மகளுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

கோவைவாசி:
ரொம்ப நன்றி. அப்போ சொரிமுத்து அய்யனார்?

டவுன்காரி:
அதை இந்த நாளில் திணிக்காதீர்கள் தம்பி. பாபநாசம் தாண்டி மலைக்குள், முண்டந்துறை புலிகள் காப்பகக் காட்டில் இருக்கிறது. வனத்துறைச் செக்போஸ்டில் நேரக் கட்டுப்பாடு உண்டு. அதற்கென்று தனி நாள் வையுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டி வேண்டாம், அந்தக் கூட்டத்தில் அப்பா சிரமப்படுவார்.

போகும்போது முத்துப்பட்டன் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். பிராமணனாகப் பிறந்தவன், செருப்புத் தைக்கும் சாதியைச் சேர்ந்த வாலப் பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்படுகிறான். பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தை என்கிறார் பெண்களின் தகப்பனார். அத்தனையும் செய்கிறான். கடைசியில் மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்து, அந்த அய்யனார் கோயிலிலேயே பட்டவராயனாகக் குடிகொண்டான். அவன் சந்நிதியில் மக்கள் இன்றைக்கும் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். சாதியைப் பற்றி உங்கள் மகள் கேட்பாள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். வில்லுப்பாட்டில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு யாரும் மழுப்பவில்லை.

ஆதிச்சநல்லூர் போகிற நாளில் சாயங்காலம் டவுனுக்குத் திரும்பிவிடுங்கள். இருட்டுக்கடை அல்வாக்கடை அப்போதுதான் திறக்கும், வரிசை நீளும். நீங்கள் நில்லுங்கள், அப்பா காரிலேயே இருக்கட்டும்.